ஓதப்பட்ட நூலும் வாதிடப்பட்ட நூலும்: தமிழில் சமயநூல் உருவாக்கம் குறித்த ஒரு மறுநோக்கு

முன்னுரை

இந்தியச் சமயங்களின் வரலாறு பெரும்பாலும் அவற்றின் நூல்களின் வரலாறாகவே எழுதப்பட்டு வந்துள்ளது. வேதம், திரிபிடகம், ஆகமம், திருமுறை, திவ்வியப் பிரபந்தம் எனப் பெயர்களை வரிசைப்படுத்தி, ஒவ்வொன்றும் எக்காலத்தது, எக்கொள்கையினது என விளக்குவதோடு ஆய்வாளர் பலர் நின்றுவிடுகின்றனர். ஒரு நூல் எவ்வாறு 'புனித நூல்' ஆயிற்று என்னும் வினா அரிதாகவே எழுப்பப்படுகின்றது. தமிழ் இலக்கிய வரலாற்றில் இவ்வினா கூடுதல் இன்றியமையாமை உடையது. மணிமேகலை, நீலகேசி, தேவாரம், திருவாய்மொழி ஆகிய நான்கும் சமயக் கொள்கையைக் கூறும் தமிழ் நூல்களே. எனினும் பின்னிரண்டு மறை எனப் போற்றப்பட, முன்னிரண்டு காப்பியம் என்ற அளவில் நின்றன. இவ்வேறுபாட்டிற்குச் சமண பௌத்த சமயங்களின் வீழ்ச்சியே காரணம் எனப் பொதுவாகக் கூறப்படுகின்றது. அது முழுமையான விடையன்று என்பதும், நூல் எவ்வாறு வழங்கப்பட்டது என்பதே அதன் தகுதியை உறுதி செய்தது என்பதும் இக்கட்டுரையின் கருத்தாகும்.

1. எழுதாமறையும் எழுதிய மறையும்

தெற்காசியச் சமயநூல்களுள் மிகப் பழமையானதாகிய இருக்குவேதம் 10 மண்டலங்களும் 1028 சூக்தங்களும் கொண்டது. ஏறத்தாழ மூவாயிரம் ஆண்டுகளாக அது வாய்வழியாகவே காக்கப்பட்டு வந்தது. பதம், கிரமம், சடை, கனம் என்னும் ஓதுமுறைகள் ஒவ்வொரு சொல்லும் பிறழாதவாறு அமைக்கப்பட்ட காப்பு முறைகளாகும். பூனாவின் பண்டார்கர் கீழ்த்திசை ஆய்வு நிறுவனத்திலுள்ள இருக்குவேதச் சுவடிகள் 30, யுனெசுகோவின் உலக நினைவுப் பதிவேட்டில் 2007இல் இடம்பெற்றன. அவற்றுள் பழமையானது 1464ஆம் ஆண்டினது. வேதம் தோன்றிய காலத்திற்கும் இச்சுவடியின் காலத்திற்கும் இடைப்பட்ட நெடுவெளியை நிரப்பியது ஓதலே. குறுந்தொகையின் 156ஆம் பாடல் பார்ப்பன மகனை விளித்து, அவனது கல்வியை எழுதப்படாத கல்வியாகச் சுட்டுவது, இம்மரபைச் சங்கப் புலவர் நன்கு அறிந்திருந்தமையைக் காட்டும்.

பௌத்தம் வேறு வழியில் சென்றது. தேரவாதத் திரிபிடகமும் முதலில் ஓதப்பட்டதே. எனினும் கி.மு. முதல் நூற்றாண்டில், வட்டகாமணி அரசன் காலத்தில், இலங்கையில் அது எழுத்தில் வடிக்கப்பட்டது என்று தீபவம்சமும் மகாவம்சமும் கூறுகின்றன. ஆலு விகாரையே அவ்விடம் என்பது இலங்கை மரபு. காந்தாரப் பகுதியில் கிடைத்த பூர்ச்சமரப்பட்டைச் சுவடிகள் கி.பி. முதல் நூற்றாண்டை ஒட்டியவை. இன்று கிடைக்கும் பௌத்தச் சுவடிகளுள் அவை மிகப் பழையவற்றைச் சேர்ந்தவை.

சமணத்தில் நிலைமை மேலும் வேறானது. சுவேதாம்பரர் தம் ஆகமங்களைக் கி.பி. 5ஆம் நூற்றாண்டில் வலபியில் தேவர்த்திகணியின் தலைமையில் எழுத்தில் நிலைநிறுத்தினர். திகம்பரரோ மூல அங்கங்கள் மறைந்தன என்று கொண்டு, புட்பதந்தரும் பூதபலியும் இயற்றிய சட்கண்டாகமத்தைப் போற்றினர். பூதபலி திரமிள நாட்டிற்குச் சென்றதாகத் தவளை உரை கூறுவது தமிழ் ஆய்வாளர் கருத்தத்தக்கது. அந்நூலின் ஓலைச்சுவடிகள் மூடபிதிரியில் நெடுங்காலம் வழிபாட்டுப் பொருளாகவே வைக்கப்பட்டிருந்தன. அடியார் கண்டு வணங்கினர்; கற்போர் மிகச் சிலர். 1939இல்தான் அதன் முதல் தொகுதி அச்சேறியது.

ஆகவே ஓதப்படுவதால் புனிதமானது ஒன்று; எழுதப்பட்டு நிலைபெற்றது ஒன்று; வணங்கப்பட்டுக் காக்கப்பட்டது மற்றொன்று. புனிதம் என்பது நூலினுள் உறையும் பண்பு அன்று. ஒரு சமூகம் அந்நூலோடு கொண்ட தொழிற்பாட்டின் விளைவு. இவ்வளவைக் கொண்டு தமிழ் நூல்களை நோக்குதல் வேண்டும்.

2. மணிமேகலை காட்டும் சமய இலக்கணம்

மணிமேகலையின் 27ஆம் காதையாகிய 'சமயக்கணக்கர்தம் திறங்கேட்ட காதை', வஞ்சி நகரில் மணிமேகலை அளவைவாதி முதல் பூதவாதி ஈறாகப் பல சமயத்தாரைக் கண்டு வினவியதைக் கூறும். இக்காதையைப் பழந்தமிழ்ச் சமயங்களின் தொகுப்பேடாகக் கொண்டு, அதில் வரும் கொள்கைகளைப் பட்டியலிடுவதே வழக்கமாக உள்ளது. வினாக்களின் அமைப்பை எவரும் மிகுதியாக நோக்குவதில்லை. ஆசீவகனிடமும் நிகண்டவாதியிடமும் அவள் கேட்பவை இரண்டு: நின் இறைவன் யார்? நின் நூற்பொருள் யாது? தலைவன், நூல் என்னும் இரண்டும் இருப்பின் அது சமயம். இதுவே சாத்தனார் கொண்ட சமய இலக்கணம் எனலாம்.

இவ்விலக்கணத்தில் நூல் என்பது பொருளுக்காக வினவப்படுவது. ஆய்ந்து கொள்ளவோ தள்ளவோ கூடியது. வேதவாதி வேதத்தை உறுப்புகள் உடைய ஓர் உருவமாகக் காட்டி, கற்பம் கை, சந்தம் கால் என வேதாங்கங்களை அவ்வுறுப்புகளாக அடுக்கி, அதற்கு முதலும் முடிவும் இல்லை என்கின்றான். அவ்வுரையும் ஏனையவற்றைப் போலவே மணிமேகலையால் ஏற்கப்படவில்லை. வைணவவாதிக்கோ இரண்டடிக்கு மேல் இடமில்லை. அவன் தன் புராணத்தை ஓதினான், நாரணனே காப்பு என்றான் என்பதோடு காப்பியம் அவனைக் கடந்து செல்கின்றது. அன்போடு ஓதுவதையே சமயமாகக் கொண்ட ஒருவனிடம் வாதத்திற்கு இடமில்லை என்று சாத்தனார் கருதியிருக்கலாம். ஆனால் பிற்காலத் தமிழ்ச் சமய வரலாற்றை வழிநடத்தியது அவ்விரண்டடியில் ஒடுங்கிய ஓதல் நெறியே.

29ஆம் காதையிலுள்ள அளவையியல் பகுதி நியாயப்பிரவேசம் என்னும் வடமொழி நூலோடு ஒத்திருப்பதைச் சுட்டிக் குப்புசாமி சாத்திரியார் முதலியோரும், 1928இல் மணிமேகலை பற்றித் தனிநூல் எழுதிய சா. கிருட்டிணசாமி ஐயங்காரும் காலம் குறித்து நெடிது வாதிட்டனர். அவ்வழக்கினுள் இங்குப் புக வேண்டியதில்லை. ஆயினும் அவ்வழக்கே ஓர் உண்மையை உணர்த்துகின்றது. மணிமேகலையின் இறுதிக் காதைகள் கற்றோர் அவையின் பயிற்சிக்கு உரியவை. கோயிலிலோ விகாரையிலோ நாள்தோறும் ஓதுவதற்கு அமைந்தவை அல்ல.

3. பாலியில் புனிதம், தமிழில் வாதம்

தமிழகப் பௌத்தர் எழுதாதவர் அல்லர். புத்ததத்தர் சோழநாட்டிலிருந்து வினயவினிச்சயம், அபிதம்மாவதாரம் ஆகியவற்றைப் பாலியில் இயற்றினார். புத்தகோசர் காஞ்சியில் தங்கியிருந்தார். தம்மபாலரும் தென்னாட்டவரே. ஆனால் இவர்தம் புனித மொழி பாலியாகவே இருந்தது. தமிழுக்கு அவர்கள் அளித்த இடம் வேறு.

இதற்குச் சிறந்த சான்று குண்டலகேசி பற்றிய ஒரு பாலிக் குறிப்பாகும். சோழநாட்டுக் காசியபர் இயற்றிய விமதிவினோதனி என்னும் வினய உரை, முன்னர்த் தமிழ்நாட்டில் மாறுபட்ட கொள்கையுடைய நாகசேனர் என்னும் தேரர், பிறர் மதத்தை மறுக்கும் முறையைக் காட்டக் குண்டலகேசிக் கதையைத் தமிழ்க் காப்பிய வடிவில் செய்தார் எனக் கூறுகின்றது. தமிழ் மரபு குண்டலகேசியின் ஆசிரியரை நாதகுத்தனார் என்று வழங்கும். இருவரும் ஒருவரா என்பது தனி ஆய்வுக்குரியது. இங்கு நோக்கத்தக்கவை இரண்டு. ஒன்று, அத்தமிழ்க் காப்பியத்தின் பயன் பிறர்மதம் மறுத்தலே என்பது பௌத்தராலேயே கூறப்படுகின்றது. மற்றொன்று, பாலி மரபில் நின்ற ஒரு தமிழகத் துறவி அத்தமிழ் நூலை ஐயக் கண்ணுடன் நோக்குகின்றார். தன் சமயத்தாராலேயே மறையாகக் கொள்ளப்படாத நூல், அச்சமயம் தளர்ந்தபின் யாரால் காக்கப்படும்?

காத்தவர் எதிரிகளே. குண்டலகேசியின் செய்யுட்கள் சில புறத்திரட்டில் கிடைக்கின்றன. அதன் வாதப் பகுதிகளை நாம் அறிவது நீலகேசியாலும், அதற்குச் சமயதிவாகர வாமன முனிவர் எழுதிய உரையாலுமே. தருமவுரை தொடங்கிப் பூதவாதம் வரை பத்துச் சருக்கங்கள் கொண்ட நீலகேசி, வாதத்தையே உயிராகக் கொண்ட நூல். அதன் வேதவாதச் சருக்கம், வேதம் ஒருவராலும் செய்யப்படாதது என்ற கொள்கையை மறுக்கின்றது. வாதநூல் எதிர்நூலை உள்ளடக்கியே வாழ இயலும் என்பதால், மறுத்தவரே மறுக்கப்பட்டதன் காவலராயினர். அருணந்தி சிவாச்சாரியாரின் சிவஞானசித்தியார் பரபக்கம் 13ஆம் நூற்றாண்டில் நால்வகைப் பௌத்தரையும் நிகண்டவாதியையும் ஆசீவகனையும் நிரலே மறுப்பதும் இம்மரபின் தொடர்ச்சியே.

பௌத்தரிடம் தமிழ்த் துதிப்பாடல் இல்லாமல் இல்லை. வீரராசேந்திரன் காலத்தில் புத்தமித்திரனார் இயற்றிய வீரசோழியத்திற்குப் பெருந்தேவனார் எழுதிய உரையில், புத்தரையும் போதிமரத்தையும் போற்றும் செய்யுட்கள் மேற்கோளாக வருகின்றன. அவற்றை ஓதிய அவை எது, எப்பொழுது ஓதினர் என்பன தெரியவில்லை. யாப்பிற்கும் அணிக்கும் எடுத்துக்காட்டாக நின்றமையால் அவை பிழைத்தன. இராசராசன் நாகப்பட்டினத்துச் சூடாமணி விகாரத்திற்கு ஆனைமங்கலம் என்னும் ஊரை வழங்கியதை இலெய்டன் செப்பேடு கூறுகின்றது. அக்கொடையில் தமிழ்நூல் ஓதுவார்க்கெனத் தனி நிவந்தம் பேசப்படவில்லை. இன்மை முற்ற முடிந்த சான்றாகாது. எனினும் அதே மன்னன் தஞ்சையில் செய்ததோடு இதனை ஒப்பிடுதல் பயனுடையது.

4. திருப்பதியமும் நிவந்தமும்

தஞ்சைப் பெரிய கோயிலில் திருப்பதியம் விண்ணப்பம் செய்ய 48 பிடாரரையும், உடன் உடுக்கை வாசிக்க ஒருவரையும், கொட்டி மத்தளம் வாசிக்க ஒருவரையும் இராசராசன் அமர்த்தினான். ஒவ்வொருவருக்கும் நாள்தோறும் முக்குறுணி நெல் வரையறுக்கப்பட்டது. ஒருவர் இறந்தால் அல்லது புலம்பெயர்ந்தால் அவருக்கு அடுத்த முறைகடவார் அப்பணியைச் செய்ய வேண்டும். அவர் தகுதியற்றவராயின் தகுதியுடைய வேறொருவரை இடவேண்டும் என்ற விதியும் உண்டு. இக்கல்வெட்டு கொள்கை எதனையும் கூறவில்லை. ஒரு நூலின் ஓசை இடையறாதிருக்க வேண்டிய ஆள், கூலி, வழிமுறை ஆகியவற்றையே கூறுகின்றது. இவ்வழக்கம் இராசராசனுக்கு முற்பட்டது. 9ஆம் நூற்றாண்டினதாகிய, மூன்றாம் நந்திவர்மன் காலத்துத் திருவல்லம் கல்வெட்டும் திருப்பதியம் பாடுவாரைக் குறிக்கின்றது. முதலாம் இராசேந்திரன் காலத்து எண்ணாயிரம் கல்வெட்டு 340 மாணவர் பயின்ற வேதக் கல்லூரியைப் பேசுகின்றது. திருவாய்மொழி ஓதுவார்க்கும் அங்கு நிவந்தம் உண்டு. வேதமும் தமிழும் ஒரே கொடையின்கீழ் வருகின்றன. 'திராவிட வேதம்' என்ற கருத்து உரையாசிரியரால் விரித்துரைக்கப்படுமுன் நெற்கணக்கில் செயற்பட்டது எனலாம்.

திருமுறைத் தொகுப்புப் பற்றிய மரபுக் கதையும் இவ்வகையில் கருதத்தக்கது. தில்லையில் செல்லரித்த ஏடுகளை நம்பியாண்டார் நம்பி கண்டெடுத்ததோடு திருமுறைகண்ட புராணம் முடியவில்லை. திருநீலகண்ட யாழ்ப்பாணர் மரபில் வந்த பெண்ணொருத்தியைக் கொண்டு பண்ணடைவு வகுக்கப்பட்ட பின்னரே தொகுப்பு நிறைவெய்துகின்றது. வைணவ மரபிலும் நாதமுனிகள் நாலாயிரத்தைப் பெற்றதோடு அமையாமல், தம் மருமக்கள் வழியாக இசையமைத்து வழங்கினார் என்பர். இக்கதைகளை வரலாற்று நிகழ்ச்சியாகக் கொள்ள வேண்டியதில்லை. ஆனால் எழுத்து கிடைத்தால் போதாது, ஓசை கிடைத்தல் வேண்டும் என்ற இம்மரபுகளின் நம்பிக்கையை அவை ஐயத்திற்கிடமின்றிக் காட்டுகின்றன. தேவாரச் சுவடிகளில் பண்முறை அடைவு நிலைபெற்றதும் இதற்கு அரண் செய்யும்.

ஓதல் ஏட்டையும் கடந்து நூலைக் காத்தது. ஏட்டுத் தொகுப்புகளில் இல்லாத திருவிடைவாய்ச் சம்பந்தர் பதிகம் அவ்வூர்க் கோயிற் கல்வெட்டிலிருந்து 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கண்டறியப்பட்டது. தொகுத்தவர் கைக்கு எட்டாத பாடலை, பாடப்பட்ட இடம் தன் சுவரில் வைத்திருந்தது.

5. மொழியெல்லை கடந்த ஓதல்

இவ்வேறுபாடு தமிழகத்திற்கு வெளியே மேலும் தெளிவாகப் புலப்படும். அதற்குத் தெலுங்கு நிலம் ஏற்ற களமாகும். ஆந்திரப் பௌத்தத்தில் தமிழர் பங்கு பழமையானது. அமராவதியின் பிராகிருதக் கல்வெட்டொன்று, கண்ணன் என்னும் தமிழனும் அவன் உடன்பிறந்தாரும் அளித்த கொடையைக் குறிக்கின்றது. 'தமிள' என்ற அடைமொழி அவன் பெயர்முன் நிற்கின்றது. ஐதராபாத்து நகரினுள்ளேயே, மூசி ஆற்றங்கரைச் சைதன்யபுரியில், விட்டுணுகுண்டியர் காலப் பிராகிருதக் கல்வெட்டொன்று கோவிந்தராச விகாரத்தைப் பேசுகின்றது. அவ்விகாரத்தில் ஓதப்பட்டவற்றுள் ஒரு சொல்லும் இன்று அந்நகர மக்கள் வாயில் இல்லை. கல் நின்றது, ஓதல் நின்றுபோயிற்று.

அதே நகரின் வடபாலுள்ள லாலாகுடா, 1893இல் நிசாம் இரயில்வேயின் பணிமனை எழுந்த இடம். செகந்திராபாத்தின் பாசறையும் இரயில்வேயும் தமிழ்க் குடும்பங்களை அப்பகுதிகளுக்குக் கொணர்ந்தன. இத்தகைய இடங்களில் வளரும் தலைமுறை, பள்ளியில் தெலுங்கும் இந்தியும் ஆங்கிலமும் பயில்வதால், தமிழ் பேசினும் தமிழெழுத்தை அறியாதிருத்தல் இயல்பு. ஆனால் மார்கழியில் திருப்பாவை ஓதுவதற்கு அஃது இடையூறன்று. தெலுங்கெழுத்தில் அச்சிட்ட திருப்பாவையைத் தெலுங்கரும் தமிழரும் ஒருங்கே ஓதுவர். திருமலையில் மார்கழி முழுதும் வடமொழிச் சுப்பிரபாதத்திற்கு மாற்றாகத் திருப்பாவையே ஓதப்படுகின்றது. பொருள் அறியாரும் ஓதுவர்; ஓதக் கேட்டார் சிலர் பொருளை நாடுவர். மணிமேகலைக்கு இவ்வாய்ப்பு இல்லை. தமிழெழுத்தும் பழந்தமிழ்ப் பயிற்சியும் இல்லாதவர்க்கு அதன் மூலம் மூடிய நூலாகும்.

இதனைக் கொண்டு ஓதலே உயர்ந்தது, வாதம் தாழ்ந்தது என்று கொள்ளுதல் பிழை. பொருளுணராத ஓதல் பற்றிய குறைபாடு வேதம் குறித்து யாசுகர் காலம் முதலே பேசப்பட்டுள்ளது. வாதநூல் கேட்பவனிடம் அறிவைக் கோருகின்றது. ஓதுநூல் முதலில் வருகையை மட்டுமே கோருகின்றது. நீண்டகாலப் பரவலுக்குப் பின்னதே எளிய வழியாயிற்று என்பதே இங்கு வலியுறுத்தப்படுவது.

6. இரு பதிப்புகளும் ஒரு தடையும்

ஓதல் பொருளையும் காக்குமா என்னும் வினாவிற்கு உ.வே. சாமிநாதையரின் பதிப்பு அனுபவம் விடை தருகின்றது. சீவகசிந்தாமணியைப் பதிப்பிக்க முற்பட்டபோது, கும்பகோணத்துச் சமணர் இல்லங்களில் அந்நூல் முறையாகப் படித்து நிறைவு செய்யப்படுவதை அவர் கண்டார். உரையில் விளங்காத சமணக் கருத்துகளை அவர்களிடமே கேட்டுத் தெளிந்தார். 1887இல் நூல் வெளிவந்தது. மணிமேகலையை எடுத்தபோது அவ்வாறு கேட்டறியத் தமிழ்ப் பௌத்தர் எவரும் இலர். பேராசிரியர் இரங்காசாரியார் போன்றோர் ஆங்கில நூல்களின் துணையால் தந்த விளக்கமே அவருக்கு உதவியது. 1898இல் மணிமேகலை வெளிவந்தது. ஒரே பதிப்பாசிரியர், ஏறத்தாழ ஒரே காலம், இரண்டும் ஐம்பெருங்காப்பியம். ஒன்றிற்குப் பாராயண மரபு இருந்தது, மற்றொன்றிற்கு இல்லை. சிந்தாமணி சமணர் இல்லத்தில் மறையாகவே இயங்கியது என்பதும், அதனைக் 'காமச்சுவை மிக்க காப்பியம்' என்று மட்டும் மதிப்பிடும் திறனாய்வு அவ்வியக்கத்தைக் கருதவில்லை என்பதும் இதனால் பெறப்படும்.

இங்கு ஒரு தடை எழலாம். திருக்குறள் கோயிலில் ஓதப்படவில்லை. எனினும் பொய்யாமொழி என்றும் தமிழ்மறை என்றும் போற்றப்பட்டதே என்பர். திருக்குறளைக் காத்தது ஓதலும் அன்று, வாதமும் அன்று, பயிற்சி. பதின்மர் உரை கண்டதும், பல சமயத்தாரும் தமதெனக் கொண்டதும், கல்வியின் தொடக்கத்திலேயே அது கற்பிக்கப்பட்டதும் அதற்கு வேறொரு தாங்குதளம் அமைத்தன. எனவே ஓதல், வாதம், பயிற்சி என மூன்று வழக்காறுகளைக் கொள்வதே பொருந்தும். தடை கருத்தை வீழ்த்தவில்லை, விரிவாக்குகின்றது. நூலின் உள்ளடக்கத்தை மட்டும் நோக்கி அதன் வரலாற்று நிலையை அறிய இயலாது என்பதே மூன்றற்கும் பொது.

முடிவுரை

மயிலை சீனி. வேங்கடசாமி 'பௌத்தமும் தமிழும்' (1940), 'சமணமும் தமிழும்' (1954) ஆகிய நூல்களால் மறக்கப்பட்ட ஒரு பெரும்பரப்பை மீட்டுத் தந்தார். ஆன் மோனியசு 2001இல் வெளியிட்ட ஆய்வு மணிமேகலையையும் வீரசோழியத்தையும் பௌத்தர் தமக்கென ஓரிடத்தைத் தமிழில் கற்பனை செய்த முயற்சிகளாகக் கண்டது. இவற்றிற்குப் பின்னும், 'சமண பௌத்த காலம்', 'பக்திக் காலம்' என்று சமயங்களை ஒன்றன்பின் ஒன்றாக அடுக்கும் பாகுபாடு நம் பாடநூல்களில் தொடர்கின்றது. வீரசோழியம் 11ஆம் நூற்றாண்டினது. அதற்கு முன்பே தேவாரம் கோயில்களில் ஒலித்தது. காலவரிசை இப்பாகுபாட்டிற்கு இடந்தரவில்லை.

காலத்திற்கு மாற்றாக வழக்காற்றை அளவுகோலாகக் கொள்ளின் மூன்று பயன்கள் விளையும். முதலாவதாக, சமண பௌத்த நூல்களின் இழப்பைப் பகைமை என்ற ஒற்றைக் காரணத்தால் விளக்கும் எளிமை நீங்கும். இரண்டாவதாக, கோயிற் கல்வெட்டுகளின் நிவந்தக் கணக்குகள் இலக்கிய வரலாற்றின் மூலச் சான்றுகளாக மதிக்கப்படும். மூன்றாவதாக, இன்று எந்நூல் எவ்வழியில் வாழ்கின்றது என்ற வினா எழும். மணிமேகலையும் நீலகேசியும் இன்று ஏறத்தாழ பல்கலைக்கழகத் தமிழ்த்துறைகளின் பாடத்திட்டத்தை மட்டுமே நம்பியுள்ளன. அவற்றிற்கு நிவந்தம் இல்லை, பாராயணம் இல்லை, மறுத்துரைக்கும் எதிரிகூட இல்லை. பயிற்சி ஒன்றே எஞ்சியுள்ளது. பாடத்திட்டத்திலிருந்து 27ஆம் காதையையோ நீலகேசியின் ஒரு சருக்கத்தையோ கடினம் என்று நீக்கும்போது, அந்நூல்களுக்கு எஞ்சிய இறுதி வழக்காற்றையே நீக்குகின்றோம் என்பதைப் பாடத்திட்டக் குழுவினர் கருதுதல் வேண்டும்.